2147483647: ஒரு பெரிய பகா எண்ணைப் படிப்படியாக ஆராய முழுமையான வழிகாட்டி

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்ற பத்து இலக்க எண் ஒரு பகா எண். இதை வாசகர் தம் கையாலேயே நிறுவவும், நிறுவிய பின் அந்த எண்ணின் முக்கியமான பண்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும் தேவையான படிகள் இங்கே வரிசையாகத் தரப்பட்டுள்ளன. கல்லூரி முதலாண்டுக் கணிதமும் சிறிதளவு நிரலாக்கமும் தெரிந்தவருக்கு இது போதும்.

புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் கணக்கின் கடினத்தால் தடுமாறுவதில்லை. படிகளின் வரிசையை மாற்றிவிடுவதால்தான் தடுமாறுகிறார்கள். கணினியில் எடுத்தவுடன் வகுக்கத் தொடங்குபவர்களும், ஒத்திகை பார்க்காத நிரலின் விடையை அப்படியே நம்புபவர்களும் கடைசியில் எங்கே பிழை நுழைந்தது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஆகவே பிரிவுகளை எண் வரிசைப்படியே செய்ய வேண்டும்.

1. முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

முதல் தேவை, பத்து இலக்கங்களையும் முழுமையாகக் காட்டும் ஒரு கால்குலேட்டர். மூன்றாம் பிரிவின் 19 இலக்க எடுத்துக்காட்டைத் தவிர, ஆறாம் பிரிவு வரை அதுவே போதும். ஏழாம் பிரிவிலிருந்து பைத்தான் போல எவ்வளவு பெரிய முழு எண்ணையும் சிதையாமல் கையாளும் ஒரு மொழியோ, 64 பிட் முழு எண்கள் உள்ள சி போன்ற ஒரு மொழியோ தேவைப்படும்.

எக்செல் இங்கே உதவாது. அது 15 பொருளுறு இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. நமது எண்ணுக்குச் சற்றுக் குறைவான இரண்டு எண்களின் பெருக்கற்பலனோ 19 இலக்கங்கள் வரை நீளும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண்களும் 2^53-க்கு மேல் துல்லியத்தை இழக்கும். இந்த இரண்டு இடங்களிலும் பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான மீதி மட்டும் அமைதியாக வந்து நிற்கும் என்பதால், பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

அறிவுத் தேவை இரண்டு. மீதிகளைக் கொண்டு செய்யும் மட்டு எண்கணிதம் பழகியிருக்க வேண்டும். ஃபெர்மாவின் சிறிய தேற்றமும் தெரிந்திருக்க வேண்டும்: க ஒரு பகா எண்ணாகவும், அ என்பது க-வால் வகுபடாத எண்ணாகவும் இருந்தால், அ^(க−1)-ஐ க-வால் வகுக்கும்போது மீதி 1. இனி ^ என்ற குறி அடுக்கைக் குறிக்கும். ம என்ற எழுத்து 2147483647-ஐக் குறிக்கும்.

2. எண்ணை அடுக்கு வடிவில் எழுதுதல்

முதல் வரியாக ம = 2^31 − 1 என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரும முறையில் இது 31 ஒன்றுகளின் வரிசை. அடுக்கான 31-உம் ஒரு பகா எண் என்பதைப் பக்கத்திலேயே குறித்து வைப்பது நல்லது. நான்காம் பிரிவு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பதின்ம இலக்கங்களைப் பார்த்து இந்த எண்ணைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்ல முடியாது. அதன் பண்புகள் அனைத்தும் 2^31-க்கு ஒன்று குறைவு என்ற ஒரே செய்தியிலிருந்து பிறக்கின்றன. கீழே எந்தப் படியில் சிக்கிக்கொண்டாலும், அந்தப் படியை 2-இன் அடுக்குகளில் திருப்பி எழுதிப் பார்ப்பதே நான் முதலில் பரிந்துரைக்கும் மருந்து.

அடுத்து எல்லையைக் குறிக்க வேண்டும். 46340² = 2147395600, 46341² = 2147488281. நமது எண் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனவே ம பகு எண்ணாக இருந்தால், அதற்கு 46340-ஐத் தாண்டாத ஒரு பகாக் காரணி இருந்தே ஆக வேண்டும்.

நிரல் எழுதுபவர்கள் இந்த இடத்தில் ஒரு குழியில் விழுகிறார்கள். வகுத்தியின் வர்க்கம் எண்ணைத் தாண்டாதவரை சுழல வேண்டும் என்று சி மொழியில் எழுதுவது வழக்கம். சாதாரண 32 பிட் முழு எண் கொள்ளக்கூடிய மிகப் பெரிய மதிப்பே 2147483647 என்பதால், வகுத்தி 46341-ஐத் தொட்டவுடன் அதன் வர்க்கம் கொள்ளளவை மீறுகிறது. நிரல் நிற்காமல் ஓடலாம் அல்லது பொருளற்ற விடையைத் தரலாம். வர்க்கத்தை ஒப்பிடுவதற்குப் பதிலாக, எண்ணை வகுத்தியால் வகுத்து வரும் ஈவுடன் வகுத்தியை ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

3. மடித்துக் கூட்டப் பழகுதல்

2^31-ஐ ம-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே எந்தப் பெரிய எண்ணையும் 2^31-ஆல் வகுத்து, ஈவை மேல் பகுதி என்றும் மீதியைக் கீழ்ப் பகுதி என்றும் கொண்டு இரண்டையும் கூட்டினால், ம-ஆல் வகுக்கும்போது வரும் மீதி மாறாது. 9-ஆல் வகுக்கும்போது வரும் மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே கணக்குத்தான் இது. அங்கே 10-க்கு ஒன்று குறைவாக 9 இருப்பது போல இங்கே 2^31-க்கு ஒன்று குறைவாக ம இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டு. 2005956546822746114 என்ற எண்ணின் மேல் பகுதி 934096307, கீழ்ப் பகுதி 1883058178. கூட்டினால் 2817154485. இது ம-ஐ விடப் பெரிது என்பதால் ஒரு முறை ம-ஐக் கழிக்க, மீதி 669670838. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், எட்டாம் பிரிவில் மீண்டும் தேவைப்படும்.

கூட்டுத்தொகை சரியாக ம-ஆகவே வந்தால் மீதி 0 என்று கொள்ள வேண்டும். ம-ஐ விடப் பெரிதாக இருந்தால் மட்டும் கழி என்று எழுதப்பட்ட நிரல் 0-க்குப் பதிலாக 2147483647-ஐ விடையாகத் தரும். சிறிய பிழைதான். ஆனால் எட்டாம் பிரிவின் கடைசி அடியில், முழு நிறுவலையும் தலைகீழாக்கும் இடத்தில் அது வந்து நிற்கிறது. பெரிதாகவோ சமமாகவோ இருந்தால் கழிக்க வேண்டும் என்பதே சரியான நிபந்தனை.

4. வகுத்திக்கு இருக்கக்கூடிய வடிவம்

46340 வரை 4792 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது கணினிக்கு நொடிப் பொழுது வேலை, கைக்கு அப்படியன்று. அவற்றில் மிகச் சிலவே காரணியாக இருக்க முடியும் என்பதைக் காட்டிவிட்டால், கையால் செய்வதும் நடக்கக்கூடியதாகிவிடும்.

க என்ற பகா எண் 2^31 − 1-ஐ வகுப்பதாகக் கொள்வோம். அப்போது 2^31-ஐ க-வால் வகுத்தால் மீதி 1. க-வைப் பொறுத்து 2-இன் எந்தச் சிறிய அடுக்கு முதன்முதலில் மீதி 1-ஐத் தருகிறதோ, அந்த அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அது 1 அல்லது 31. அது 1 ஆக முடியாது, ஆகவே 31. ஃபெர்மாவின் தேற்றப்படி 2^(க−1)-உம் மீதி 1-ஐத் தருவதால், 31 என்ற எண் க−1-ஐ வகுக்கிறது. க ஒற்றை எண் என்பதால் 62-உம் க−1-ஐ வகுக்கிறது.

இரண்டாவது கட்டுப்பாடு வர்க்க எச்சத்திலிருந்து, அதாவது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்தை வகுக்கும்போது வரும் மீதியிலிருந்து, வருகிறது. 2^31-க்கு மீதி 1 என்றால் 2^32-க்கு மீதி 2. அதாவது 2^16-இன் வர்க்கம் 2-க்குச் சமமான மீதியைத் தருகிறது. க-வைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க எச்சமாகிறது. 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வரும் ஒற்றைப் பகா எண்களுக்கு மட்டுமே இந்தப் பண்பு உண்டு.

இரண்டையும் இணைத்தால், க-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும். 248ந + 1 என்ற வரிசையில் ந-க்கு 1 முதல் 186 வரை 186 எண்களும், 248ந + 63 என்ற வரிசையில் ந-க்கு 0 முதல் 186 வரை 187 எண்களும் நமது எல்லைக்குள் அடங்கும். மொத்தம் 373. இவற்றுள் பகா எண்கள் ஏறத்தாழ 80 மட்டுமே.

முதல் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் விடை தவறாகாது, வேலைதான் இரட்டிப்பாகும். மாறாக, இந்த வடிவத்தில் இருப்பதாலேயே ஓர் எண் காரணியாகிவிடும் என்று எண்ணுவதுதான் உண்மையான பிழை. வடிவம் ஒரு வடிகட்டி மட்டுமே.

5. சிறிய எண்களில் ஒத்திகை

விடை தெரிந்த ஓர் எண்ணில் முறையைச் சோதித்துப் பார்க்காமல் பெரிய எண்ணுக்குப் போகக் கூடாது. அதிலும் பகு எண் ஒன்றை எடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும். காரணி இல்லாத இடத்தில் காரணி இல்லை என்று சொல்வது, எப்போதும் இல்லை என்று மட்டுமே சொல்லும் பழுதுபட்ட நிரலாலும் முடியும்.

2^29 − 1 = 536870911 இதற்குப் பொருத்தமானது. அடுக்கு 29 என்பதால் வகுத்திகள் 58-இன் மடங்குக்கு ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்: 59, 117, 175, 233. எட்டால் வகுத்துப் பார்த்தால் 59, 117 இரண்டும் விழுந்துவிடும். 175 பகா எண் அன்று. மிஞ்சுவது 233.

2^8 = 256, 233-ஐக் கழித்தால் 23. 23² = 529, மீதி 63; இது 2^16-க்கு உரியது. 63 × 23 = 1449, மீதி 51; இது 2^24-க்கு உரியது. 51 × 32 = 1632, மீதி 1; இது 2^29-க்கு உரியது. ஆகவே 233 காரணியாகிறது. முழுக் காரணிப்படுத்தல் 233 × 1103 × 2089. மற்ற இரண்டு காரணிகளும் 58-இன் மடங்குக்கு ஒன்று கூடுதலாக உள்ளனவா என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

6. வகுத்துப் பார்த்தல்

இப்போது நமது எண். 373 எண்களையும் இரண்டு பத்திகளாக எழுதி, முதலில் 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளை அடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வகுக்கத் தேவையில்லை, ந-வைப் பார்த்தாலே போதும். 248ந + 1 என்ற பத்தியில், ந-வை 3-ஆல் வகுத்து மீதி 1 வரும் இடங்கள் 3-இன் மடங்குகள். 5-ஆல் வகுத்து மீதி 3 வரும் இடங்கள் 5-இன் மடங்குகள். 7-ஆல் வகுத்து மீதி 2 வரும் இடங்கள் 7-இன் மடங்குகள். 248ந + 63 என்ற பத்தியில் அந்த மீதிகள் முறையே 0, 4, 0.

மிஞ்சியவற்றில் ஒவ்வொரு எண்ணாலும் 2147483647-ஐ நேரடியாக வகுக்கலாம். அதை விடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. 65536-ஐ, அதாவது 2^16-ஐ, க-வால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வர்க்கப்படுத்தி மீண்டும் க-வால் வகுங்கள். 2 வந்தால் க காரணி. வேறு எது வந்தாலும் காரணி அன்று. மீதி எப்போதும் 46340-க்குள் இருப்பதால், வர்க்கம் பத்து இலக்கங்களைத் தாண்டாது. சாதாரண கால்குலேட்டரே போதும் என்று முதலில் சொன்னதன் காரணம் இதுதான்.

311-ஐ எடுத்தால், 65536-க்கு மீதி 226. 226² = 51076, மீதி 72. காரணி அன்று. நேர் வகுத்தலில் 2147483647 = 311 × 6905092 + 35 என்று வருவதோடு இது பொருந்துகிறது: மீதியோடு ஒன்றைக் கூட்டி இரட்டித்தால் 72.

1303-க்கு மீதி 386; 386² = 148996; அதன் மீதி 454. காரணி அன்று. 1489-க்கு மீதி வெறும் 20, வர்க்கம் 400. பார்த்தவுடனேயே விட்டுவிடலாம்.

கால்குலேட்டரில் நேரடியாக வகுப்பவர்கள் தசமப் புள்ளிக்குப் பின் வருவதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். காட்டப்படும் இலக்கங்கள் முடிந்துபோனதால் முழு எண் போலத் தோன்றும் விடைகளும் உண்டு. ஈவின் முழு எண் பகுதியை மட்டும் எடுத்து, வகுத்தியால் பெருக்கி, எண்ணிலிருந்து கழித்து மீதியைக் காண வேண்டும்.

அடிக்கப்படாத எல்லா எண்களையும் சோதித்து, எதற்கும் 2 வரவில்லை என்றால் நிறுவல் முடிந்தது. பகு எண்ணாகவே இருக்கும் சில எண்கள் பட்டியலில் தங்கிவிட்டாலும் கேடில்லை. ஒரு பகா எண் தவறுதலாக அடிபட்டுப்போனால்தான் நிறுவல் ஓட்டையாகிவிடும். சந்தேகம் வரும் இடத்தில் எண்ணை அடிக்காமல் சோதித்துவிடுவதே பாதுகாப்பு. ஆய்லர் 1772-இல் வெளிவந்த கடிதத்தில் இந்த எண்ணைப் பகா எண் என்று காட்டியது ஏறத்தாழ இந்த வழியில்தான்.

7. அடிமானம் 2 கொண்ட ஃபெர்மா சோதனையைத் தவிர்த்தல்

நிரலாளர்கள் பலர் முதலில் ஓடுவது ஃபெர்மா சோதனைக்கு. 2^(ம−1)-ஐ ம-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்க்கிறார்கள். வருகிறது. அதனால் ஒன்றும் தெரிந்துவிடவில்லை.

காரணம் எளிது. அடுக்கு பகா எண்ணாக உள்ள 2^அ − 1 வடிவ எண் எதுவாக இருந்தாலும், அதைப் பொறுத்து 2^அ-க்கு மீதி 1. அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 2^அ − 2, ஃபெர்மாவின் தேற்றப்படி அ-வால் வகுபடும். ஆகவே சோதனை எப்போதும் தேறும். 2^11 − 1 = 2047-ஐ எடுத்துப் பாருங்கள். 2046 = 11 × 186 என்பதால் 2^2046-க்கு மீதி 1. ஆனால் 2047 = 23 × 89.

அடிமானம் 3-ஐ எடுத்தால் சோதனைக்கு ஓரளவு பொருள் உண்டு. ஆனாலும் அது தேறினால் பகா எண்ணாக இருக்கலாம் என்பதற்கு மேல் எதுவும் நிறுவப்படுவதில்லை. இந்த வடிவ எண்களுக்கென்றே முழு நிறுவல் தரும் சோதனை ஒன்று இருக்கும்போது இங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை.

8. லூக்கா–லேமர் சோதனை

4-இல் தொடங்குங்கள். ஒவ்வோர் அடியிலும் கையில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, ம-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அடுக்கு அ என்றால் அ − 2 அடிகளுக்குப் பின் 0 வந்தால் எண் பகா எண்; வராவிட்டால் பகு எண். நமக்கு 29 அடிகள்.

இங்கேயும் ஒத்திகை முதலில். 2^7 − 1 = 127-க்கு 5 அடிகள்: 4, 14, 67, 42, 111, 0. பகா எண். 2047-க்கு 9 அடிகள்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 வரவில்லை, பகு எண். இந்த இரண்டு வரிசைகளையும் உங்கள் நிரல் அப்படியே தந்தால்தான் 31-க்குப் போக வேண்டும். தொடக்க எண்ணான 4-ஐயும் ஓர் அடியாக எண்ணிவிடுவது மிகவும் பரவலான பிழை. 127-ஐ வைத்தே அது பிடிபட்டுவிடும்.

31-க்கு முதல் உறுப்புகள் 4, 14, 194, 37634, 1416317954. இதுவரை எதுவுமே ம-ஐத் தாண்டவில்லை. அடுத்ததாக 1416317954²-இலிருந்து 2-ஐக் கழித்தால் 2005956546822746114. மூன்றாம் பிரிவில் மடித்துக் கூட்டிய எண் இதுவே, மீதி 669670838. அதற்கடுத்த உறுப்பு 1937259419. உங்கள் நிரல் இந்த இடத்தில் விலகினால், பெருக்கல் 32 பிட்டுக்குள் நடக்கிறது என்று பொருள். பெருக்கும் முன்பே இரண்டு எண்களையும் 64 பிட்டாக மாற்ற வேண்டும், பெருக்கிய பிறகு மாற்றுவது பயனற்றது. இரண்டு மீதிகளின் பெருக்கற்பலன் 2^62-க்குள் அடங்குவதால் 64 பிட் போதுமானது.

27-ஆம் அடியில் 1181536708, 28-ஆம் அடியில் 65536, 29-ஆம் அடியில் 0 வர வேண்டும். கடைசி அடியை மட்டும் கையால் செய்து பாருங்கள். 65536² − 2 = 4294967294. மேல் பகுதி 1, கீழ்ப் பகுதி 2147483646. கூட்டினால் சரியாக 2147483647. மூன்றாம் பிரிவில் எச்சரித்த நிலை இதுதான்: சமமானால் கழிக்கத் தவறிய நிரல் இங்கே 0 இல்லை என்று சொல்லி, ஒரு பகா எண்ணைப் பகு எண்ணாக அறிவித்துவிடும். 28 அடிகள் பிசகாமல் வந்த பிறகு இது நேர்வதால், பிழை நிரலில் இருக்கும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

இது ஏன் நிறுவலாகிறது என்பதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் 2 + √3-இன் ஓர் அடுக்கையும் 2 − √3-இன் அதே அடுக்கையும் கூட்டியதற்குச் சமம். ஒவ்வோர் அடியும் அந்த அடுக்கை இரட்டிக்கிறது. 29-ஆம் அடியில் 0 வந்தால், 2 + √3-இன் 2^30-ஆம் அடுக்கு −1 ஆகிறது. ஆகவே அது முதன்முதலில் 1-ஐ அடைவது சரியாக 2^31-ஆம் அடுக்கில்தான். ம-க்கு 46340-க்குள் க என்ற பகாக் காரணி இருந்தால், க-வைப் பொறுத்தும் இது உண்மையாக வேண்டும். ஆனால் அங்கே சுழியல்லாத உறுப்புகள் க² − 1-க்கு மேல் இல்லை. அதுவோ 2^31-ஐ விடச் சிறிது. முரண்பாடு. ம + 1 என்பது 2-இன் தூய அடுக்காக இருப்பதே இத்தனை சுருக்கமான நிறுவலுக்கு இடம் தருகிறது.

9. ம − 1-இன் காரணிகளும் முதன்மை மூலமும்

பகா எண் என்று உறுதியான பின், அதன் உள்ளமைப்பைப் பார்க்கலாம். 2147483646-ஐ நேரடியாகக் காரணிப்படுத்த முயல வேண்டாம். 2^31 − 2 = 2 × (2^15 − 1) × (2^15 + 1) என்று பிரித்தால் மிஞ்சுவன 32767-உம் 32769-உம் மட்டுமே. 32767 = 7 × 31 × 151. 32769 = 9 × 11 × 331. ஆகவே ம − 1 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331.

முதன்மை மூலம் என்பது, தன் அடுக்குகளால் 1 முதல் ம − 1 வரையிலான எல்லா மீதிகளையும் உண்டாக்கும் எண். 2 அப்படிப்பட்டதன்று, 31 அடுக்குகளிலேயே 1-க்குத் திரும்பிவிடும். 3, 5, 6 ஆகிய மூன்றும் வர்க்க எச்சங்கள் அல்ல என்பதால் முதல் தடையைத் தாண்டுகின்றன, பின்னர் வேறு காரணிகளில் விழுகின்றன. முதன்மை மூலங்களில் மிகச் சிறியது 7.

இதைச் சரிபார்க்க, ம − 1-ஐ அதன் ஏழு பகாக் காரணிகளாலும் தனித்தனியே வகுத்து வரும் அடுக்குகளில் 7-ஐ உயர்த்த வேண்டும்: 1073741823, 715827882, 306783378, 195225786, 69273666, 14221746, 6487866. எதிலும் மீதி 1 வரக் கூடாது. முழு அடுக்கான ம − 1-இல் மட்டும் 1 வர வேண்டும். பைத்தானின் அடுக்குச் சார்பு அடிமானம், அடுக்கு, வகுக்கும் எண் என மூன்று உள்ளீடுகளை ஏற்கும். மூன்றாவதைக் கொடுக்காமல் தனியாக மீதி எடுக்க முயன்றால், நினைவகம் நிரம்பும் வரை கணினி உழைத்துக்கொண்டே இருக்கும்.

3² இருப்பதால் 9-ஆலும் வகுத்துப் பார்க்க வேண்டுமோ என்று கேட்பார்கள். தேவையில்லை. 3-ஆல் வகுத்த அடுக்கில் 1 வரவில்லை என்றால், 9-ஆல் வகுத்த அடுக்கிலும் வர முடியாது. அங்கே வந்தால் அதன் மும்மடங்கிலும் வந்திருக்கும்.

இந்தச் சோதனை தேறுவதே ம பகா எண் என்பதற்கு இன்னொரு சுதந்திரமான நிறுவல் என்பதையும் கவனிக்கலாம். முதன்மை மூலங்கள் மொத்தம் 534600000 உள்ளன. ஏறத்தாழ நான்கில் ஒன்று.

7-இன் ஐந்தாம் அடுக்கான 16807-உம் முதன்மை மூலமே, ஏனெனில் ம − 1-ஐ 5 வகுக்காது. கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, ம-ஆல் வகுத்து மீதி எடுக்கும் எளிய தற்போக்கு எண் ஆக்கியைப் பார்க், மில்லர் இருவரும் 1988-இல் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். அது நமக்கு ஒரு நல்ல சோதனைக் கல்லும் ஆகிறது. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று வரிசை செல்ல வேண்டும். 10000-ஆம் பெருக்கலுக்குப் பின் 1043618065 வர வேண்டும். உங்கள் பெருக்கல் நிரலின் நேர்மையை அறிய இதை விடக் குறுகிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. இந்த வரிசையைக் கடவுச்சொல் போன்ற மறைபொருள்களுக்குப் பயன்படுத்தவே கூடாது; ஓர் உறுப்பைக் கண்டவர் அடுத்தடுத்த எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடுவார்.

10. வர்க்கமூலம் காணுதல்

ம-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. இப்படிப்பட்ட பகா எண்களில், வர்க்க எச்சமான ஓர் எண்ணின் வர்க்கமூலத்தைக் காண அதை (ம + 1)/4 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் போதும். நமது எண்ணுக்கு அந்த அடுக்கு 2^29. அதாவது எண்ணை 29 முறை வர்க்கப்படுத்தினால் வர்க்கமூலம் கிடைத்துவிடும். வேறு பெருக்கல் எதுவும் இல்லை.

2-இன் வர்க்கமூலம் இதன்படி 65536. எட்டாம் பிரிவில் கடைசிக்கு முந்தைய அடியில் வந்ததும் இதே எண். அடுத்த அடியில் 0 வர வேண்டுமானால், அங்கே 2-இன் வர்க்கமூலங்களில் ஒன்று, அதாவது 65536 அல்லது 2147418111, இருந்தே ஆக வேண்டும்.

விடையை மீண்டும் வர்க்கப்படுத்திப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. 3 வர்க்க எச்சம் அன்று. இருந்தாலும் 29 முறை வர்க்கப்படுத்தினால் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். அதன் வர்க்கம் 3-ஆக இருக்காது, 2147483644-ஆக, அதாவது −3-ஆக இருக்கும்.

11. இதிலிருந்து கிளைக்கும் இரண்டு எண்கள்

ம பகா எண் என்பதால் 2^30 × ம = 2305843008139952128 ஒரு நிறைவெண்; தன்னைத் தவிர்த்த மற்ற எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கும் அது சமம். நிறைவெண்களின் வரிசையில் எட்டாவது. ம-க்குப் பதிலாக 2047-ஐயும் 2^10-ஐயும் வைத்தால் இது நடக்காது என்பதைச் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி.

2^ம − 1 என்ற, 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணும் பகா எண்ணாக இருக்குமோ என்ற ஆசை புதியவர்களுக்கு இயல்பாக எழுகிறது. இருக்காது. நான்காம் பிரிவின் விதிப்படி, அதன் காரணிகள் 2ம-இன் மடங்குக்கு ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 68745-ஆம் மடங்கில் கிடைக்கும் 295257526626031 அதை வகுக்கிறது. இதைச் சரிபார்க்க அந்த 64 கோடி இலக்கங்களை எழுத வேண்டியதில்லை. 2^ம-ஐ இந்தக் காரணியால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று, மூன்று உள்ளீடுகள் கொண்ட அடுக்குச் சார்பில் பார்த்தால் போதும். ஆனால் இங்கே மீதிகள் 15 இலக்கங்கள் வரை வளர்வதால் அவற்றின் பெருக்கற்பலன் 64 பிட்டில் அடங்காது. சி மொழியில் செய்பவர்கள் 128 பிட் முழு எண்ணுக்கு மாற வேண்டும், பைத்தானில் மாற்றம் எதுவும் தேவையில்லை.